ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

“ஊர் எரிஞ்சுகொண்டிருக்கு. உனக்கு ஏரிக் குளிப்புக் கேக்குதோ?”

தம்பித்துரை இப்படிக் கேட்டபோது, குகதாசன் புது நீச்சல் காற்சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் பையை இழுத்து மூடினான். அதுதான் அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரத்தில், பூம்ப்ளிஸ் பக்கம், ஓர் அறையில் நான்கு பேர். எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். நால்வருக்கும் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. நால்வரின் அகதி வழக்கும் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. மூத்தவர் தம்பித்துரை. குகதாசன் அவருடைய ஊர்க்காரன். வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான், அந்த உரிமையில் திட்டுவார்.

சுவிஸ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலை ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஏரியில் விழ வேண்டும். அவர்கள் ஏறி இறங்கிக் களைத்து வந்து சாப்பிட்ட கோப்பைகளை நம்மவர்கள் கழுவ வேண்டும். ஆகவே ஞாயிறு லீவு எடுப்பது பெரிய குற்றம். குகதாசனோ வயிற்றுவலி என்று முதலாளிக்குப் பொய் சொல்லிவிட்டு ஏரிக்குப் போகிறான்.

“உனக்கென்ன, தாய் தேப்பன் ரெண்டு பேரும் சுகமாய் இருக்கினம். நான் இஞ்சை கடிதம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறன்” என்றார் தம்பித்துரை.

அது உண்மை. அவர் தாய்க்கு ஒரே பிள்ளை. இரண்டு மாதமாகத் தாயிடமிருந்து கடிதம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அம்மாவுக்கு ஏதும் ஒன்றென்றால் வழக்கையும் விட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கொழும்பில் இறங்கியதும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மற்றவர்கள் சொன்னால், பிடிக்கட்டும் என்பார். சொன்னால் செய்கிற ஆள்தான்.

இரண்டு கிழமைக்கு முன் குகதாசனுக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பித்துரை ஓடி வந்து, தன் தாயைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார்.

“ஆச்சி சுகமாம், அண்ணை. பாதை பூட்டாம். அதாலைதான் கடிதம் வரயில்லையாம். இதையும் கொழும்புக்கு வந்த ஆரோ கொண்டுவந்து போட்டதாம்.”

அதிலிருந்துதான் குகதாசனின் போக்கே மாறியது. எல்லோருடைய சமையல் முறையையும் தானே எடுத்துக்கொண்டான். காலையும் மாலையும் பருப்பும் பூசணிக்காயும்தான். வேலைத்தலத்தில் தம்பித்துரைக்குக் கோழித்துண்டு வைத்தால், இவன் எட்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வான். ஆனால் சாப்பிடவும் மாட்டான், கொட்டிவிடுவான். காசைச் சேர்த்துக் கஞ்சத்தனம் பழகுகிறான் என்று அறையில் சிரித்தார்கள். இப்போது அந்தக் கஞ்சன் நீச்சல் காற்சட்டை வாங்கியிருக்கிறான்.

தம்பித்துரைக்குப் பொறுக்கவில்லை. வேலை பதினொரு மணிக்குத்தான். அதற்கு முன் இவனைக் கையும் களவுமாகப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று, அதே ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினார்.

தூண் என்ற நகரில் இறங்கி, ஏரிக்கரைப் பாதையில் அரை மணி நேர நடை. தடித்த சப்பாத்தும் கைத்தடியுமாக மலை ஏறப் போகிறவர்கள் முன்பின் தெரியாத அவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். சமையலறைச் சப்பாத்து வழுக்க வழுக்க அவரும் தலையாட்டினார். குளிக்கிற இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். வெள்ளைக்காரர்கள் துவாய் விரித்து வெயிலுக்குப் படுத்திருந்தார்கள். அங்கே குகதாசன் இல்லை.

அவன் இன்னும் தள்ளி, நாணல் மறைவில், இடுப்பளவு தண்ணீரில் நின்றான். புதுக் காற்சட்டைக்கு மேலே வெள்ளைத் துவாயை வேட்டி மாதிரிக் கட்டியிருந்தான். விரலில் புல்லை முறுக்கி மோதிரம் போல மாட்டியிருந்தான். கையில் பேக்கரிப் பாணுக்கு மேலே தூவுகிற வெள்ளை எள்ளு. தெற்கே பார்த்துக்கொண்டு, எள்ளையும் தண்ணீரையும் சேர்த்து இறைக்கப் போனான்.

தம்பித்துரை சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“விசரோ உனக்கு? தாய் தேப்பன் உயிரோடை இருக்கிறவன் எள்ளுத் தண்ணி இறைக்கிறதோ? அந்தச் சனங்களுக்கு ஏதும் வந்தால் என்ன செய்வாய்? ஆருக்கடா இது?”

குகதாசனின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. தம்பித்துரை அந்த முகத்தையே பார்த்தார். பிடித்த தோளை அவர் விடவில்லை. தூரத்தில் பிள்ளைகள் பந்துக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

குகதாசன் தன் விரலில் இருந்த புல்லைக் கழற்றினான். தம்பித்துரையின் வலது கையைப் பிடித்து, மோதிர விரலில் அதை மாட்டினான். எள்ளை அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“ஆச்சி போய் இண்டைக்கு முப்பத்தோராம் நாள், அண்ணை. உங்களுக்குத் தெரியாமலே உங்களை மச்ச மாமிசம் தின்னவிடாமல் பாத்துக்கொண்டன். இதை மட்டும் நீங்கள்தான் செய்ய வேணும்.”