அளந்து பெய்த மழை

"பொய்க் கணக்கு அனுப்பற ஆளை இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கறேன்!"

வானிலை அலுவலகத்தில் சூளுரைத்துவிட்டுத்தான் கிளம்பினாள் புள்ளிவிவர அதிகாரி. வட்டாரமே காய்ந்து கிடக்க, ஒரே ஒரு மழைமானி மட்டும் மழை மழை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனாலேயே வறட்சி நிவாரணம் இழுபறியில் நின்றது.

அவள் போய் நின்ற வீட்டில், அந்த மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"ஐயா, மழை அது இஷ்டத்துக்குத்தான் பெய்யும். சேர்ந்தாப்ல கொட்டும், அப்புறம் ஆளையே காணோம். அந்தத் தாறுமாறை வச்சுத்தான், நிஜ மழை மாதிரியே கணக்குப் போட்டுக் காட்டற எங்க கம்ப்யூட்டர் மாடலே ஓடுது. உங்க மழை மட்டும் டைம்டேபிள் போட்டு வருதே, எப்படி?"

"எனக்கும் அது உறுத்துதும்மா. ஆனா பொய்யா ஒரு சொட்டு அனுப்பினதில்ல. படுத்ததுலேர்ந்து என் சம்சாரம் பார்த்துச் சொல்றா, நான் போன்ல அனுப்பறேன். ராத்திரி மாத்திரை போட்டா இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது."

அப்படியா சேதி! மனைவியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். மழைமானிக்குள் வெறும் புழுதி.

"வாய்க்கு வந்ததைச் சொல்லி ஊர் வயித்துல அடிக்கறீங்களேம்மா!"

அந்த அம்மாள் வேலிக்கு அப்பால் கை காட்டினாள். தோட்டம் முழுக்க மரங்கள் பட்டுப்போய் நின்றன.

"எல்லாம் அவர் கையால வச்சது. டாக்டர் கையை விரிச்சுட்டார். கண்ணு முழிச்சதும் மழை பெஞ்சுதா, மரம் எப்படியிருக்குன்னுதான் கேக்கறார். நான் என்னன்னு சொல்ல? ஊருக்குக் கெடுதல்னு சத்தியமா தெரியாதும்மா."

அதிகாரி பட்டுப்போன மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆனாலும் போனை எடுத்தாள்.

"அந்த மழைமானி அனுப்பினது எல்லாத்தையும் கணக்குலேர்ந்து தூக்கிடுங்க. நிவாரண ஃபைல் இன்னிக்கே போகட்டும்."

அந்த அம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்ப, அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "என்னம்மா, தப்பு எங்கேன்னு தெரிஞ்சுதா?"

"மானியிலதான் கோளாறுங்கய்யா! சரி பண்ணிட்டேன்!"

பிறகு அந்த அம்மாளின் காதோரம் குனிந்தாள்.

"அவர் வழக்கம்போல அனுப்பட்டும், என் போனுக்கு. எவ்வளவு மழைன்னு தினம் நான் மாடல்ல போட்டுச் சொல்றேன். நீங்க சொல்றது மழை மாதிரியே இல்லம்மா."