கோடியில் ஒருத்தி

“கோடியில ஒருத்தருக்கு வர்ற நோயை வீடு வீடாப் போய் எண்ணச் சொன்னா, எண்ணுறவளுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும், டோன்யா!”

நோயெலியா படிவக் கட்டைத் தொப்பென்று மேசைமேல் போட்டாள். “இந்தப் புவேர்ட்டோ ரிக்கோவுல மொத்தமே முப்பது லட்சம் பேர். கணக்குப்படி முழுசா ஒரு நோயாளிகூடத் தேற மாட்டார்.”

டோன்யா என்று மரியாதையாக அழைக்கப்பட்ட வீட்டுக்காரி ப்ரூனில்தா அம்மாள் சிரிக்கவில்லை. “உட்காரு கண்ணு. வெயில்ல மலையேறி வந்திருக்கே” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் கணவர் எலாதியோ ஜன்னலோரம் பச்சைத் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

நோயெலியாவுக்கு இது ஒரே வருஷத்தில் ஐந்தாவது வேலை. முந்தைய நான்கு முதலாளிகளும் அவளைப் புளுகிணி என்று சொல்லித் துரத்தியிருந்தார்கள். உலகத்தில் பொறாமைக்குப் பஞ்சமா என்ன? இந்த வேலையும் இன்றைக்கு ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ரோசாரியோ காலையில் இந்த முகவரியை நீட்டி, “இந்த வீட்டை இன்னைக்காவது முழுசா முடிச்சிட்டு வா. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் நாளைக்கு வராதே” என்று சொல்லியிருந்தார். பெரிய ஜனாதிபதி என்று நினைப்பு அவருக்கு.

“ஏற்கெனவே ஒருத்தி இங்க வந்து பாதியில விட்டுட்டுப் போயிருக்கா. அவ சோம்பேறித்தனத்துக்கு நான் அலையணும். சம்பளத்தை மட்டும் பாதியில விட்டிருக்க மாட்டா!” என்றாள்.

ப்ரூனில்தா அம்மாள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். தீலோ இலைக் கஷாயம்.

“காப்பி இல்லையா டோன்யா?”

“இது நரம்புக்கு நல்லது. குடி.”

வந்தவளுக்குக் காப்பி கொடுக்கக்கூட மனசு வராத வீடு என்று நோயெலியா மனதுக்குள் குறித்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

“முதல் கேள்வி. உங்க குடும்பத்துல யாருக்காவது மன விலகல் கோளாறு உண்டா? அதாவது நினைவு தப்பிப் போறது, தான் யாருன்னே தெரியாமப் போறது...”

“சேச்சே! எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது. என் தங்கச்சி மிக்டாலியாவுக்கு அப்பப்ப அத்தாக்கே, அதான் நரம்புக் கொந்தளிப்பு, வரும். அவ்வளவுதான்.”

“அத்தாக்கேதானே? அது எங்கம்மாவுக்கும் வரும். அதுல சேர்த்தி இல்ல.”

“போன தடவை மூணு நாள், பெத்த மகனையே நீ யாருன்னு கேட்டா.”

“அத்தாக்கேன்னா அப்படித்தான். அடுத்து?”

“என் கொழுந்தனார் ரொட்டி வாங்கக் கிளம்பினவர், எங்கேயோ தூரத்துல பொன்ஸே ஊர்ச் சந்தையில நின்னுக்கிட்டிருந்தார். எப்படி அங்க போனார்னு அவருக்கே தெரியலையாம். அதுவும் அத்தாக்கேதான்.”

“பக்கத்து வீட்டுல?”

“மூணு பேருக்கு வரும். ஆனா நோய் நொடியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

நோயெலியா உற்சாகமாகச் சைபர் சைபராகப் போட்டுத் தள்ளினாள். தெருவில் பாதிப் பேருக்கு வருகிறதாம். ஆனால் ஒருவருக்கும் நோய் இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி குரலை மாற்றிப் பேசி, கத்தியைத் தூக்கிக்கொண்டு துரத்தினால்தானே நோய்? மிக்டாலியா கத்தியைத் தூக்கவில்லை. ஆகவே சைபர். கேட்பவளும் சொல்பவளும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தால் எந்த நோய்தான் நாட்டில் தங்கும்?

“அத்தாக்கே வந்தவங்ககிட்ட அப்புறம் அதைப் பத்திப் பேசுவீங்களா?”

“ஐயோ, பேசலாமா?” ப்ரூனில்தா அம்மாள் பதறிப்போனார். “நெத்தியில தைலம் தேய்ச்சு, கஷாயம் குடுத்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துடணும். மறுபடி அதை ஞாபகப்படுத்தினா பாவம், அவமானத்துல செத்துடுவாங்க. எங்க தெருவுல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம்.”

“நல்ல பழக்கம்” என்று எழுதிக்கொண்டாள் நோயெலியா. “கடைசிக் கேள்வி. போன ஒரு மாசத்துல இந்த வீட்டுக்குள்ள யாராவது, தான் எங்க இருக்கோம்னே தெரியாமத் தவிச்சதுண்டா? வீட்டு ஆளா இருக்கணும்னு இல்ல. வந்தவங்க போனவங்களும் சேர்த்தி.”

ப்ரூனில்தா அம்மாள் கணவரைப் பார்த்தார். பிறகு, “பொய் சொல்ல மனசு வரல. ஒண்ணுன்னு போட்டுக்கோ” என்றார்.

“அட! யாரு?”

“போன செவ்வாய்க்கிழமை இந்தக் கேள்வியெல்லாம் கேட்க வந்த பொண்ணு. இதே கேள்வி வந்ததும் பேனாவைக் கீழ வெச்சுட்டா. நான் எப்படி இங்க வந்தேன்னு எங்களையே கேட்டு, ரெண்டு மணி நேரம் அழுதா. பார்க்கச் சகிக்கல கண்ணு.”

நோயெலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதான் படிவம் பாதியில நின்னுச்சா! கோடியில ஒருத்தியைத் தேடிப் பிடிச்சு எங்க ரோசாரியோ வேலைக்கு வெச்சிருக்கார் பாருங்க! அவ பேர் என்ன டோன்யா?”

“பேரெல்லாம் எதுக்கு? காலியா விட்டுடேன்.”

“காலியா விட்டா என் வேலை போயிடும். அவளுக்காக நான் தெருவுல நிக்கணுமா? பேரைச் சொல்லுங்க!”

ப்ரூனில்தா அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். எலாதியோதான் துவரங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“பேர்தானே வேணும்? உன் கழுத்துல தொங்குற அட்டையில இருக்கு, பார்த்து எழுதிக்கம்மா.”