இனி ஷபானா வேண்டாம்

"விரலை நீட்டுங்க!"

சிங்கப்பூர் பாசிர் ரிஸ் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவரின் கையை எட்டிப் பிடித்தாள் சரசு.

"விடு சரசு. சிராங்கூன் ரோடு போகணும். சுகர் பார்க்க ஷபானா நர்ஸ் காத்திருப்பாங்க" என்றார் அழகேசன்.

"காத்திருப்பா, காத்திருப்பா! வாராவாரம் சென்ட் வேற! வீட்டுல டெஸ்ட் பண்ற கிட் விலை கூடன்னுதானே சாக்கு சொன்னீங்க? இப்ப ஜிஎஸ்டியைக் கடைக்காரனே ஏத்துக்கிறான் லா. வாங்கிட்டேன். இனிமே உங்களைக் குத்துறது நான்தான்!"

சுருக்கென்று குத்தினாள். மீட்டரைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"சுகரே இல்லையே! உங்களுக்குத் துணையா நானும் ஒரு வருஷமா இனிப்பைத் தொடல. அப்ப அவளைப் பார்க்கத்தான் போனீங்களா?"

"ஆமா, அவங்களைப் பார்க்கத்தான் போனேன்" என்றார் அழகேசன். "உனக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கும்னு கேட்க. உனக்குச் சுகர்னு டாக்டர் சொன்னப்ப நீ இனிப்பை விட்டியா? எனக்குன்னு நான் பொய் சொன்ன அன்னிக்கே விட்டுட்டே."