நேரான கிழிசல்

"அத்தை, கோபப்படாம சொல்லுங்க. நேத்து சாயங்காலம் என் ரூமுக்குள்ள போனீங்களா?"

மாமியார் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். "போனேன். ஜன்னலைச் சாத்தப் போனேன். சாரல் உங்க தகரத்து மேல எல்லாம் தெறிச்சுது. அது ஒரு குத்தமா மாப்பிள்ளை?"

"தகரம் இல்லை அத்தை. டிரம்."

"ரெண்டும் ஒரே சத்தம்தான் போடுது."

அவன் கையிலிருந்த டிரம்மை மேஜைமேல் வைத்தான். மேல் தோலில் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கிழிசல். பழைய டிரம்களை வாங்கிப் புதுப்பித்து விற்றும், பிறருடையதைச் சீர்செய்து கொடுத்தும் பிழைக்கிறவன் அவன். வீட்டின் பின்னறைதான் பட்டறை. தானாகப் பிய்கிற தோல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கோணல்மாணலாகப் போகும். இதுவோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

"இதே டிரம் கிழியறது இது மூணாவது தடவை. முதல் தடவை தோல் மட்டம்னு நினைச்சேன். அடுத்த தடவை நான்தான் ரொம்ப முறுக்கிட்டேன்னு நினைச்சேன். இது பிளேடு அத்தை."

லீவு நாளாதலால் வீட்டிலிருந்த மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அம்மாவையா சந்தேகப்படறீங்க?"

"நீ காலைல வேலைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றே. வீட்ல இருக்கிறது நானும் அத்தையும். நானே கிழிச்சுக்க எனக்கென்ன பைத்தியமா? 'ஒருநாள் இதையெல்லாம் கிழிச்சுத் தொங்கவிடறேன் பாருங்க'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். மத்தியானம் கண்ணசர விடாம டம் டம்னு தட்டினா வாழ்த்தா பாடுவாங்க?" என்றார் மாமியார். "ஆனா ஒண்ணு. தோலைக் கிழிக்கணும்னு எனக்குத் தோணினா, டிரம்மைத் தேடிப் போகமாட்டேன். மாப்பிள்ளையாச்சேன்னு பொறுத்துக்கிட்டிருக்கேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"விளையாட்டில்லை அத்தை. இந்த டிரம்முக்குச் சொந்தக்காரருக்கு நாளைக்குக் கச்சேரி. 'இவன் கை வெச்சா விளங்காது'ன்னு ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா, அப்புறம் எவன் இந்த வாசப்படி ஏறுவான்? இந்த வேலை முடியற வரைக்கும் நீங்க மச்சான் வீட்ல இருங்களேன்."

மகன் வீட்டில் மாமியாருக்கு ஹால் சோபாதான் படுக்கை. விருந்தாளி வந்தால் அதுவும் இல்லை. மருமகளோடு பேச்சு முற்றித்தான் அவர் இங்கே வந்தார் என்பது மூவருக்கும் தெரியும்.

மாமியார் எழுந்தார். "பிளேடு போட்டவள்னு பேர் வாங்கின வீட்ல ஒரு வாய் சோறு இறங்காது. என் பையை எடுடீ."

"அம்மா, இரும்மா! ஏங்க, நீங்க சும்மா இருக்கீங்களே!"

அவன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

மாலையில் டிரம்மர் வந்தார். அந்த டிரம் அவரிடம் இருபது வருஷமாக இருக்கிறது. வேனிலிருந்து விழுந்து அதன் மர உடம்பு விரிசல் விட்டிருந்தது. பசை வைத்து இறுக்கி, விளிம்பைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, வளையத்தின் துருவைச் சுரண்டியெடுத்து அவன் அதைத் தேற்றியிருந்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நண்பனைப் பார்க்க வருவதுபோல் டிரம்மர் மாலைகளில் வந்து, கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"காலைல போன்ல சொன்னீங்களே, மறுபடி கிழிஞ்சிருச்சுன்னு. பரவாயில்லை தம்பி. நாளைக்கு வேற பையனை வாசிக்கச் சொல்லிடலாம்," என்றவர், ஹாலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். "அம்மா எங்கே கிளம்பிட்டாங்க?"

"மகன் வீட்டுக்கு. வந்து கூட்டிட்டுப் போறேன்னான்," என்றார் மாமியார். "இங்கே காத்து ஒத்துக்கலை."

"வேற பையன் எதுக்கு அண்ணே?" அவன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். "கதவைத் தாழ் போட்டுக்கிட்டு புதுத் தோல் மாட்டிட்டேன். வாங்க."

பின்னறையில் டிரம் தயாராக நின்றது. டிரம்மர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குச்சியை நீட்டினான். பாக்கெட்டுக்குள் விட்டிருந்த வலது கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

"நீங்களே தட்டுங்க தம்பி. நான் கேக்கறேன்."

ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் தட்டிக் காட்டினான். சுற்றிலும் ஒரே சுருதி.

"அருமை. குறையே இல்லை," என்றார். குரலில் சுரத்தில்லை. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவன் தண்ணீர் எடுக்க ஹாலுக்கு வந்தபோது மாமியார் எழுந்துகொண்டிருந்தார்.

"எங்கே அத்தை?"

"பாத்ரூமுக்கு. அங்கேயும் ஒரு டிரம் இருக்கு, தண்ணி நிறைய. அதையும் கிழிச்சுட்டு வர்றேன்."

"கொஞ்சம் பொறுங்க. அவர் எடுத்துக்கிட்டுக் கிளம்பற வரைக்கும் என் கண் முன்னாடியே இருங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாமியாருக்குக் கண் கலங்கி அவன் பார்த்ததே கிடையாது, இப்போது பார்த்தான்.

பின்னறையிலிருந்து 'சரக்' என்று ஒரு சத்தம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூவரும் ஹாலில்தான் இருந்தார்கள்.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது டிரம்மர் இடது கையில் பிளேடோடு நின்றிருந்தார். மறைக்க மறந்துபோன வலது கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"டிரம் இன்னும் சரியாகலைன்னு எங்க கச்சேரிக் குழுப் பசங்களுக்கு நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க தம்பி," என்றார்.