முத்திரையை நம்பி வந்தவர்கள்

"சார், நீங்க சங்கத்துல உறுப்பினர்தானே? இப்பவும் இருக்கீங்கல்ல?"

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்ட கேள்வி அது. பிளான்காரரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இப்பவும் இருக்கேன், எப்பவும் இருப்பேன்! வாசல் போர்டுல முத்திரை பாத்திருப்பீங்களே. அதை நினைச்சவங்க எல்லாம் போட்டுக்க முடியாது. பரீட்சை எழுதித் தேறணும். சான்றிதழ் அதோ, சுவத்துல மாட்டியிருக்கு பாருங்க."

வந்தவரின் மனைவி உட்காரவில்லை. சான்றிதழுக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

வீடுகளுக்குப் பிளான் வரைவதுதான் அவர் தொழில். பிளான் வரைகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஆட்கள் தேடி வந்தார்கள். முத்திரை உள்ள ஆள், நம்பிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். பிறகு யார் கண் பட்டதோ, கொஞ்ச காலமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதமும் வேலை ஏதும் அமையாவிட்டால், அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு மச்சினனின் டைல்ஸ் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். 'மாமா, அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்க' என்று அவன் வாயால் கேட்க வேண்டும். நினைத்தாலே அவருக்கு உயிர் போயிற்று. இந்த இருவரையும் எப்படியாவது பிடித்துப் போட்டுவிட வேண்டும்.

"மாடியில பால்கனி வெச்சா, கம்பி எப்படிப் போடுவீங்க சார்?" என்று கேட்டார் கணவர்.

நல்ல கேள்விதான். வழக்கமாக வருகிறவர்கள் சமையலறை மேடைக்கு என்ன கல் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"நெட்டுக்குத்தாத்தான் போடணும். குழந்தை தலை நுழையாத அளவுக்கு நெருக்கமா. படுக்கையா மட்டும் வைக்கவே கூடாது."

"ஏன்?"

"ஏணிப்படி மாதிரி ஆயிடுமே! சின்னப் பிள்ளைங்க கால் வெச்சு ஏறிடும். பாக்க அழகா இருக்குன்னு சிலர் போடுவாங்க. விவரம் தெரியாதவங்க செய்யற வேலை."

சுவரருகே நின்றவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"உங்க பேர்ல போற பிளானை எல்லாம் நீங்களே பாத்துத்தான் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"என் கண்ணுல படாம ஒரு கோடு வெளியே போகாது. அப்புறம் சங்கத்துல எதுக்கு இருக்கேன்?"

சொல்லும்போதே உள்ளே கொஞ்சம் இடித்தது. சங்கத்தில் இல்லாதவர்கள் தாங்கள் வரைந்ததைக் கொண்டுவந்து நீட்டினால், எதிரிலிருக்கும் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டு முத்திரையையும் குத்திக் கொடுக்கிறவர்தான் அவர். பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தொழிலில் யார்தான் செய்யவில்லை என்று தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

"குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு," என்றார் கணவர். "நாலு வயசு."

"அப்ப அவளை வெச்சுத்தான் வீட்டையே வரையணும்!" பிளான்காரர் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். உற்சாகம் தாங்கவில்லை. "இப்ப உங்ககூடத்தான் படுப்பா. நாளைக்கு வளந்தா தனி ரூம் கேப்பா. வெளிச்சமா ஒரு ஜன்னல், படிக்க ஒரு மேஜை. வளர்ற பிள்ளைக்கு இப்பவே இடம் விட்டு வைக்கணும்மா."

அவள் திரும்பவில்லை.

"அவ வளர மாட்டா சார்."

பென்சில் தாளின்மேலேயே நின்றுவிட்டது. கணவர் எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பிளான்காரருக்குப் பயமாக இருந்தது.

"நாங்க வீடு கட்டப் போறதில்லைங்க. கட்டின வீட்டைத்தான் வாங்கினோம். பிளான்ல உங்க கையெழுத்தும் சங்கத்து முத்திரையும் இருந்துச்சு. அதை நம்பி, வேற யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. பால்கனியில கம்பி எல்லாம் படுக்கையாத்தான் இருந்துச்சு சார். பிளான்லயும் அப்படித்தான் வரைஞ்சிருக்கு. நாங்க உள்ள இருந்தப்ப ஏறிட்டா."

பிளான்காரர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அது... அது நான் வரைஞ்சது இல்லைங்க..."

அவள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உறுப்பினரா இல்லாதவங்க மேல புகார் குடுத்தா சங்கம் எடுத்துக்காதாம். நீங்க இன்னும் அதுல இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்."