ஐம்பத்தெட்டுப் படிகள்

டீம் லீடர் வரும் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் கீபோர்டைப் படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். எதையோ எழுதி, எழுதியதை அழித்து, மறுபடியும் அதையே எழுதினாள். சத்தம் அவளைத் தாண்டிப் போன பிறகுதான் மூச்சே வந்தது.

பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பது வயதில் கிடைத்த வேலை. நாளையோடு மூன்று மாதம் முடிகிறது. லீடர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம்; இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் மகாராணி இதுவரை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை!

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கையேட்டால் வந்த வினை. புதிதாக வருகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய ஐம்பத்தெட்டுப் படிகள். இதை இன்ஸ்டால் செய், அதை இதோடு இணை, இந்தப் பாஸ்வேர்டை அங்கே போடு என்று நீண்டுகொண்டே போகும். கடைசிப் படியைத் தாண்டினால்தான் கம்பெனியின் கிளவுட் சர்வருக்குள் நுழைய முடியும். வேலை என்பதே அதற்கப்புறம்தான்.

குழுவுக்கு இருந்ததே ஒரு பிரதி. ஆளாளுக்குப் புரட்டி அதன் முன்பாதி நைந்து தொங்கியது. பின்பாதி மட்டும் அச்சடித்த அன்று இருந்தபடியே மொடமொடவென்று இருந்தது. பின்பாதியெல்லாம் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாவது படி ஒரு மாதம் அவள் உயிரை எடுத்தது. எப்படியோ முட்டி மோதித் தாண்டினால், முப்பத்தொன்றில் 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றது. யாரையாவது கேட்கலாமென்றால் மானம் போய்விடும். சுற்றி இருந்த ஐந்து பேரும் பேய் பிடித்த மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள். காலைக் கூட்டத்தில் லீடர் கேட்டால் ஆளுக்கொரு "போயிட்டிருக்கு சார்". அவளும் அதையே சொல்லி வைத்தாள்.

சுவரில் மேலிடம் கொடுத்த கேடயம் வேறு. 'ஏழு ஆண்டுகளாக ஒருமுறைகூடச் சர்வர் நிற்கவில்லை. குழுவுக்குப் பாராட்டுகள்!' அது கண்ணில் படாதபடி அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

காலையில் கிளம்பும்போது மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ பெர்மனென்ட் ஆகப்போறேன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். அதுதான் அவளை நாளெல்லாம் குத்திக்கொண்டே இருந்தது. ஊரை ஏமாற்றலாம், அந்தக் குழந்தையை எப்படி ஏமாற்றுவது?

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? விருட்டென்று எழுந்து லீடர் அறைக்குள் போனாள். அவர் பேனாவும் கையுமாக அவளுடைய படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கையெழுத்துப் போட்டுறாதீங்க. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"போயிட்டிருக்கு, போயிட்டிருக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா சார். நான் இன்னும் வேலையே ஆரம்பிக்கல. அந்தக் கையேட்டுல முப்பத்தொண்ணாவது படியிலயே நிக்கிறேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

லீடர் பேனாவை மூடினார். எழுந்து போய், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சரி, நாலு பேர் காதில் விழாமல் திட்டலாமென்று நினைக்கிறார், நல்ல மனுஷர் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரகசியக் குரலில் கேட்டார்:

"அந்த இருபத்தாறை எப்படிம்மா தாண்டுனீங்க?"