சின்ன லைட்டே போதும்

“மீனுக்குத்தானே சார், இந்தச் சின்ன லைட்டே போதும்” என்று கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் சொன்னதும் வன்னியபெருமாளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் எல்இடி விளக்கைக் கேட்டு வந்தவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் விளக்கை எடுத்து நீட்டும் வியாபாரியைத் தூத்துக்குடி இன்னும் பெற்றெடுக்கவில்லை.

வன்னியபெருமாளும் வியாபாரிதான். ஒரு லிட்டர் பெயிண்ட் கேட்டு அவர் கடைக்கு வந்தவன் நாலு லிட்டர் டின் இல்லாமல் படியிறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அதனால் கூட்டி விற்பவனைவிடக் குறைத்து விற்பவனைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

இந்த அலங்கார மீன் கடைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. முன்பு போய்க்கொண்டிருந்த வேறொரு கடைக்காரன் இப்படித்தான் டியூப்லைட்டே போதும் என்று தலையில் கட்டிவிட்டான். தொட்டித் தண்ணீர் சூடானதும் கரண்டு பில் ஏறியதும்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை மகள் சண்முகப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். ஹாலில் இருக்கும் ஐந்தடித் தொட்டியை அதற்குள் ஜொலிக்க வைத்துவிட வேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகக் கூடாது என்று தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். ஆள் கல்லாவுக்குள் ஷூ காலோடு நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் கல்லாவில் நிற்கிறவனை வன்னியபெருமாள் இந்த ஐம்பத்தாறு வயதில் கண்டதில்லை. விலை கேட்டால் டப்பாவைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்துச் சொல்கிறார். தொழில் பக்தி இல்லாதவனிடம் பொருள் வாங்கினால் உருப்பட்ட மாதிரிதான்.

மூலையில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏசி ஓடியும் அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. ஏற்கெனவே ஏமாந்தவர் போலிருக்கிறது.

“இந்தப் பெரிய லைட்டு குடுக்குற காசுக்குத் தகுமா தகாதா? அத மட்டும் சொல்லுங்க தம்பி.”

மீனுக்கு வீண் செலவு என்றார் கல்லாக்காரர். தொட்டி எத்தனை அடி ஆழம், மீனைத் தவிர உள்ளே வேறு என்ன இருக்கிறது என்றும் சாவகாசமாகக் கேட்டார். ஸ்டூலில் இருந்தவர் இருமினார்.

வன்னியபெருமாளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒருவன் கேள்வி கேட்க, ஒருவன் இருமிச் சைகை காட்ட, இரண்டு பேரும் கூட்டு. ஆளின் வசதியை எடை போட்டுவிட்டு விலையை ஏற்றப் பார்க்கிறார்கள்.

“மீன் மட்டுந்தான் வளக்கேன்னு நான் சொன்னனா?”

ஸ்டூல்காரர் மறுபடி இருமினார். இந்த முறை தலையையும் ஆட்டினார். தன் துட்டு, தான் பேசிக்கொள்வதாகச் சொல்லி வன்னியபெருமாள் அவரை அடக்கினார்.

பிறகு தானும் விவரம் தெரிந்தவன்தான் என்று காட்ட ஆரம்பித்தார். டியூப்பை வருஷா வருஷம் மாற்ற வேண்டும், எல்இடி ஐந்து வருஷம் உழைக்கும். டியூப் தண்ணீரைச் சுட வைக்கும், எல்இடி அவ்வளவு வைக்காது. அதன் நீல வெளிச்சம்தான் அடிமட்டம் வரை இறங்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாற்பத்திரண்டாயிரம் மலிவு. எல்லாம் யூடியூப் பார்த்துப் படித்தது. எதிரில் நின்றவர் எதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் பவளம் வளர்க்கிறவங்களுக்கு சார். உங்ககிட்டதான் அது இல்லையே.”

இல்லையே என்றது சுருக்கென்று தைத்தது. பவளத்தை உயிரோடு எடுத்து வீட்டில் வைத்தால் வனத்துறை பிடித்து ஜெயிலில் தள்ளும் என்பது வன்னியபெருமாளுக்கும் தெரியும். ஆனால் அதற்கு லைட் விற்கிறவனும் கூட்டுக் களவாணிதானே, அவனிடம் என்ன ஒளிவுமறைவு? போனை எடுத்துப் படத்தை நீட்டினார்.

“பதினோரு பவளம், அத்தனையும் உசுரு. நம்ம தீவுப் பக்கம் முங்கி எடுத்தது. டியூப்லைட்டுல கெடந்து இப்பம் புளியங்கா ஓடு மாதிரி பழுப்பாப் போச்சு. பிளாஸ்டிக்குன்னு நெனச்சியளா?”

ஸ்டூல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கல்லாக்காரர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் முகத்தில் இப்போதுதான் ஒரு மரியாதை வந்திருந்தது. பெரிய லைட்டுதான் சரி என்று ஒப்புக்கொண்டு, வீடு எங்கே என்று விசாரித்தார்.

வன்னியபெருமாள் உஷாரானார். டெலிவரி என்று சொல்லித் தனியாகக் காசு கறப்பார்கள். கூலி ஒரு பைசா தரமாட்டேன் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டு, தெருப் பெயர், கதவு எண், எதிர்வீட்டு அடையாளம் எல்லாம் கொடுத்தார். இன்றைக்கே வந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

“இன்னைக்கே வர்றோம் சார். கூலியெல்லாம் வேண்டாம்.”

ஒருவழியாக ஜெயித்தாயிற்று. வன்னியபெருமாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஸ்டூல்காரர் மேலிருந்த கோபம்கூட ஆறிப்போக, விவரமாகப் பேசினால் எவனும் நம்மை ஏமாற்ற முடியாது என்று அவருக்கும் புத்தி சொன்னார். அப்புறம் அவர் பக்கமாகக் குனிந்து கேட்டார்.

“அண்ணாச்சி என்ன வாங்க வந்திய?”

அவர் தலை நிமிராமல் சொன்னார்.

“இது என் கடை அண்ணாச்சி, கல்லாவுல நிக்கது ஃபாரஸ்ட் ரேஞ்சர்.”